உளுந்துக்குச் சூடு

இதோ, மறுபடியும். துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டுவிட்டு நான் முழுதாக நிமிரக்கூட இல்லை, அதற்குள் தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவே போய்ப் பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தாயிற்று. பெண் நாய்க்குட்டி, காலைத் தூக்குகிற வேலையெல்லாம் கிடையாது. நாசூக்காக உட்காரும், கண்ணை லேசாக மூடிக்கொள்ளும், ஊரில் நடக்கிற எதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று முகத்தில் ஒரு சாந்தம் வரும், பிறகு எழுந்து தான் செய்ததைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். போ தாயி, நல்லாப் போ, துடைக்கத்தான் நான் இருக்கிறேனே. உளுந்து என்று பெயர் வைத்தது நான்தான். முதுகெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, ஊறவைத்துப் பாதித் தோல் கழன்ற உளுந்து எப்படி இருக்குமோ அப்படி. ஜிம்மி, டைகர் என்று இவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், நான் காதில் வாங்கவில்லை. கொண்டுவந்தது அவர்தான், இல்லை என்று சொல்லவில்லை, தான் வேலை பார்க்கிற, இரும்பு வார்க்கிற பவுண்டரிக்குப் பின்னால் மணல் குவியலில் தாயில்லாமல் கிடந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார், டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு குட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அந்தக் கோலத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் கொண்டுவந்தவருக்குத் தலையணை நனைந்ததும் பாசம் வற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது நிற்கவில்லை என்றால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாராம். எடுத்த இடத்தில் என்ன இருக்கிறது, லாரி பின்னால் எடுக்கும், கிரேன் போகும், மூன்று ஷிப்டும் ஆள் நடமாட்டம், இது என் கை நீளம்கூட இல்லை. இதைச் சொன்னால் உலகத்தில் இருக்கிற நாயெல்லாம் அப்படித்தானே வளருது என்கிறார். வளர்ந்தவை கண்ணுக்குத் தெரிகின்றன, வளராதவை எங்கே தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நிற்கும். நிறுத்திக் காட்டுகிறேன். எனக்கு இது என்னவென்று தெரியும், பார்த்த முதல் நாளே தெரியும், சூடு. மணலில் கிடந்த குட்டி, பவுண்டரி மணல், உள்ளே இரும்பு உருகுகிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது, அந்தச் சூடு முழுக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டால் நீர் எப்படித் தங்கும். இதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்ன. இந்த வீதியில் எந்தப் பிள்ளைக்குக் கண் பொங்கினாலும், எந்தப் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்தாலும், வசந்தாமணி அக்காவைக் கேளு என்றுதான் சொல்வார்கள். மேல்வீட்டு ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவள், அவளே தன் பையனுக்கு வயிற்று வலி என்று என்னிடம்தான் வந்து நின்றாள். ஓமம் கொடுத்தேன், நின்றது. பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை வைத்தியம் எப்படித் தெரியும் என்று பின்னால் பேசுகிறவர்களும் உண்டு, பேசட்டும், பேசிவிட்டு அவர்களும்தான் வருகிறார்கள். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், சூட்டோடு குடித்தனம் நடத்தியவள் நான். காலையில் பார்லித் தண்ணி, அதன் பிறகு இளநீர், பாதி எனக்கு, பாதி இதற்கு, தட்டில் ஊற்றினால் மூக்கு வரைக்கும் முக்கிக்கொண்டு குடிக்கிறது. மதியம் தண்ணியாய்க் கரைத்த மோர். இவர் பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்வதுபோல இதற்கும் மோரில் நறுக்கிப் போடலாம் என்றுதான் இருந்தேன், அதைவிடக் குளிர்ச்சி எது, ஆனால் இது வந்து என் முகத்தை நக்கும்போது வெங்காய நாற்றம் அடிக்குமே என்று விட்டுவிட்டேன். எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது. ஆனால் நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் போகிறது, அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது, கூடினால் என்ன, சூடு வெளியே இறங்குகிறது என்று அர்த்தம், இறங்க வேண்டியது இறங்கித்தானே ஆக வேண்டும்.

பினாயில் வாசனையே எனக்கு இப்போது வீட்டு வாசனை ஆகிவிட்டது. மெஷின் மேல் சேலைகள் மடித்தபடி கிடக்கின்றன, சேலை ஓரத்துக்குப் பால்ஸ் அடிக்கக் கொடுத்தவர்கள் சாயங்காலம் வந்து நிற்பார்கள், நான் மிதியில் கால் வைத்தால் இது என் கால் விரலைப் பிடித்துக் கடிக்கிறது, பல் ஊசியாய் இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை, வலிக்கிறது, ஆனால் எடுக்கத் தோன்றவில்லை. துடைக்கும்போது கவனித்துவிட்டேன், தண்ணிபோலத்தான் இருக்கிறது, மஞ்சள்கூட இல்லை, வாடையும் அவ்வளவாக இல்லை, அப்படியென்றால் சூடு முக்கால்வாசி இறங்கிவிட்டது. மிச்சம் கால்வாசி. அதற்குத்தான் ராத்திரியே டம்ளரில் கருந்திராட்சையை ஊறப்போட்டு வைத்திருக்கிறேன், உலர்ந்த திராட்சை, விதையெடுத்தது, நல்லதாகப் பார்த்து வாங்கியது. கைக்குழந்தைக்கே கொடுக்கிற சமாச்சாரம். ஊறின திராட்சையைத் தண்ணியோடு கையால் பிசைந்து, சக்கையை எடுத்துவிட்டுச் சங்கில் புகட்டினால் அடிவயிற்றுச் சூடு அன்றைக்கே அமர்ந்துவிடும். எனக்கு அத்தை கொடுத்திருக்கிறார்கள், அத்தை என்றால் இவருடைய அம்மா, இப்போது கோபியில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார்கள். கெட்ட மனுஷி இல்லை. என் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, ஊரில் மற்ற மாமியார்கள் பேசுகிற பேச்சை அவர்கள் பேசியதில்லை. உனக்குச் சூட்டு உடம்பு கண்ணு என்பார்கள், அவ்வளவுதான், அதையும் தலையைத் தடவிக்கொண்டேதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த வருஷமே கண்டுபிடித்துவிட்டார்கள். கர்ப்பப்பை கொதிக்கிறது, விழுகிற விதை வெந்துபோகிறது என்று வந்தவர்களிடமெல்லாம் வருத்தத்தோடு சொல்வார்கள். காலையில் எழுந்ததும் வெந்தயத் தண்ணி ஒரு சொம்பு, சோற்றுக்கற்றாழையை உரித்து ஏழு தண்ணியில் அலசி அந்த வழுவழுப்பை அப்படியே விழுங்க வேண்டும், தொண்டையில் இறங்கும்போது உயிருள்ள எதையோ விழுங்குவதுபோல இருக்கும், அப்புறம் இளநீர், அப்புறம் மோர், அப்புறம் பார்லி, ராத்திரி தொப்புளில் விளக்கெண்ணெய். ஒரு நாள் தவறியதில்லை. நானும் முகம் சுளித்ததில்லை, சுளித்தால் எனக்கு ஆசை இல்லை என்று ஆகிவிடுமே.

எங்கே விட்டேன். திராட்சை. ஆமாம், பிசைய வேண்டும், இவர் மதியம் போன் பண்ணுவதற்குள் ஒரு வேளையாவது உள்ளே போயிருந்தால் தைரியமாகப் பேசலாம். நல்ல ஊறல், ஒவ்வொன்றும் உப்பிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது, கிண்ணத்தில் கொட்டி வலது கையால் பிசைகிறேன், தோல் கழன்று சதை விரலிடுக்கில் பிதுங்குகிறது, தண்ணி கருஞ்சிவப்பாகிறது. உளுந்து காலைச் சுற்றுகிறது. பொறு, உனக்குத்தான். இந்த வாடை எனக்கு எதையோ ஞாபகப்படுத்துகிறது. பெருந்துறையில் இவருடைய சித்தி மகள் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் பாத்ரூம் எங்கே என்றுதான் பார்ப்பேன், அந்தக் காலத்தில் எனக்கு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது, கோயிலென்றாலும் கல்யாணமென்றாலும் பஸ்ஸென்றாலும் முதலில் அதுதான், அடக்கவே முடியாது. தாலி கட்டுகிற நேரத்தில் நான் பின்பக்கம் ஓடுகிறேன், அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொல்வது என் காதில் விழுகிறது. பாருங்க, பத்து நிமிசம் உக்கார முடியுதா, அத்தனையும் சூடு. அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு அந்த உச்சுக்கொட்டலையே கேட்டுக்கொண்டிருந்தேன், மேளம் கொட்டி முடிந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், அடிக்கடி போவது சூட்டுக்கு அடையாளம், எனக்குத் தெரியாதா, அனுபவித்தவள். ஆனால் கல்யாண மண்டபத்தில் அந்தப் பாத்ரூம் சுவர் டைல்ஸ் பச்சை நிறம் என்பது ஏன் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. பிசைந்தது போதும். சக்கையை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உளுந்தை மடியில் வைத்துக்கொள்கிறேன், வயிறு சூடாகத்தான் இருக்கிறது, அதன் இதயம் என் தொடையில் அடிக்கிறது, என் சுண்டுவிரலைப் பிடித்துக் கடைவாயில் போட்டுச் சப்புகிறது, கிண்ணம் பக்கத்தில், சங்கை எடுக்க எக்கும்போது போன். எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டேன், கால்நடை டாக்டர் நஸ்ரீன். காலையில் நான்தான் கூப்பிட்டிருந்தேன், எடுக்கவில்லை, தடுப்பூசி என்றைக்குப் போட வேண்டும் என்று கேட்கத்தான், வேறெதற்கும் இல்லை, இந்த விஷயத்தை நான் அவர்களிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சின்னப் பெண், குரலில் சிரிப்பு இருக்கும். தேதி சொன்னார்கள். சும்மா கேட்கிற மாதிரி, சாப்பாடு என்ன குடுக்கறீங்க என்று கேட்டார்கள். நானும் விடுவேனா, வரிசையாகச் சொன்னேன், பார்லி, இளநீர், மோர், எல்லாம் எதற்கென்றும் சொன்னேன், சூடு என்றும் சொன்னேன். சிரித்தார்கள். கேலியாக இல்லை, ஆனால் சிரித்தார்கள். "ஏனுங்க்கா, இத்தனை தண்ணியை உள்ள ஊத்துனா அது எங்கீங்க போகும்? நீங்க ஊத்தறதைத்தான் அது வெளிய ஊத்துது." எனக்குச் சுருக்கென்றது. அது இல்லீங்க டாக்டர், இன்னிக்கோடு நின்னுரும், கருந்திராட்சை ஊறவெச்சுப் பிசைஞ்சு தயாரா வெச்சிருக்கேன் என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. "குடுத்துட்டீங்களா?"

குரலே மாறிவிட்டது, நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே சொன்னார்கள். நாய்க்குத் திராட்சை ஆகாதாம். பச்சையோ உலர்ந்ததோ, சின்னக் குட்டிக்குக் கொஞ்சம் போனாலே போதுமாம், கிட்னி நின்றுவிடுமாம், ஒன்றுக்கே போகாதாம், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டமாம். ஒன்றுக்கே போகாது. அதைத்தானே நான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். குனிந்து பார்க்கிறேன், உளுந்து கண்ணை மூடிக்கொண்டு என் விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறது, கிண்ணத்தில் அந்தக் கருஞ்சிவப்புத் தண்ணி, என் கையெல்லாம் பிசுக்கு, விரலில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது, எத்தனை நேரமாகச் சப்புகிறது, வெடுக்கென்று விரலைப் பிடுங்கி என் வாயிலேயே வைத்துப் பார்க்கிறேன், நாய் எச்சில் என்றெல்லாம் தோன்றவில்லை, இனிப்பு இருக்கிறதா என்றுதான் நாக்கு தேடுகிறது. இனிப்பு இல்லை. பினாயில் கசப்பு, உப்பு, வேறொன்றும் இல்லை. அப்போதுதான் கையைப் பார்க்கிறேன். இடது கை. துடைக்கிற கை, பிழிகிற கை. சாப்பாட்டில் இடது கையை வைக்கக்கூடாது என்று எங்கம்மா சின்ன வயசில் அடித்து அடித்துப் பழக்கிய பழக்கம், திராட்சை முழுக்க வலது கையில் இருக்கிறது, அந்தக் கை என் முழங்காலில் விரித்தபடி கிடக்கிறது, அதை இது தொடவில்லை, நான் உட்கார்ந்ததிலிருந்து தொடவில்லை, நிச்சயமாகத் தெரியும். குடுக்கலீங்க என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். டாக்டரும் மூச்சு விட்டார்கள், எனக்குக் கேட்டது. கொஞ்சமாவது பட்டிருந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும், நாளைக்காகட்டும் என்று இருந்துவிடாதீங்க என்றார்கள். அந்தத் தண்ணியை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில், உளுந்து இன்னொரு கக்கத்தில். துடைத்த கையைக் கடிக்க விட்டதும் தப்புதானாம், பினாயிலும் இதற்கு ஆகாதாம், தரையை வெறும் சோப்புத் தண்ணியில் துடைத்தால் போதுமாம். வெங்காயமும் பூண்டும் கூடாது, சாக்லேட் கிட்டவே காட்டக்கூடாது, கோழி எலும்பு தொண்டையைக் கிழித்துவிடும். எலும்பெடுத்த கோழிக்கறியை உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்துக் குழைந்த சோற்றில் பிசைந்து கொடுங்கள், மஞ்சள் பூசணிக்காய், கேரட், அவித்த முட்டை கொடுங்கள், சின்னச் சின்னதாக நாலு வேளை, குடிக்கப் பச்சைத்தண்ணி, அதை எப்போதும் வையுங்கள், அது வேண்டுமென்கிறபோது அதுவே குடித்துக்கொள்ளும், நீங்கள் புகட்ட வேண்டாம் என்றார்கள். வெங்காயத்தை நான் போடாதது எந்தச் சாமி செய்த காரியமோ.

அப்புறம் வரிசையாகக் கேட்டார்கள். போகும்போது கத்துகிறதா, முக்குகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, ரத்தம் தெரிகிறதா, சுருண்டு படுத்துக்கொள்கிறதா. இதெல்லாம் இருந்தால் அது வேறு, உடனே பார்க்க வேண்டும். ஒன்றுமில்லீங்க, மகாராணியாட்டம் உக்காந்து போகுது, போயிட்டு வந்து என் காலைக் கடிக்குது என்றேன். "அப்ப அதுக்கு ஒண்ணுமில்லீங்க்கா. குட்டிக்கு மூத்திரப்பை சின்னது. தூங்கி எந்திரிச்சா போகும், சாப்பிட்டா போகும், வெளையாண்டா போகும். வளர வளரத் தானா அடங்கும். அதுக்கு ஒரு குறையும் இல்லை." தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே தூக்கிக்கொண்டு போய் விட்டால் தானே பழகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அதுக்கு ஒரு குறையும் இல்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், கை ஈரமாக, உளுந்து கக்கத்திலிருந்து நழுவி மடியில். ஊத்தறதைத்தான் அது வெளிய ஊத்துது. ஒரு சொம்பு வெந்தயத் தண்ணி, இளநீர், மோர், பார்லி, மறுபடி மோர், அத்தனையும் என் வயிற்றுக்குள் ஊற்றிவிட்டு, பாருங்க பத்து நிமிசம் உக்கார முடியுதா. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தேன், சத்தமாக, உளுந்து காதைத் தூக்கிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் இது எனக்கு ஏன் தோன்றவில்லை, ஒரு சொம்பு குடித்தால் ஒரு சொம்பு போகும், இதைக் கண்டுபிடிக்க சயின்ஸ் டீச்சர் வேண்டாமே, அத்தைக்குத் தோன்றவில்லை, உச்சுக்கொட்டியவர்களுக்குத் தோன்றவில்லை, சரி, எனக்குமா. குடிக்கக் குடிக்கப் போனேன், போகப் போகக் குடித்தேன். சிரிப்பு நின்ற இடத்தில் கோபம் வந்தது, நல்ல கோபம், ஆனால் அத்தை மேல் இல்லை, அத்தைக்கும் யாரோ ஊற்றியிருப்பார்கள். எத்தனை டாக்டரிடம் போனோம், காகிதத்தைப் பார்ப்பார்கள், பார்க்கலாம் என்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். எத்தனை கோயில், எத்தனை ஜோசியர். ஒருவர், ஒரே ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்து உனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னதில்லை. பிள்ளை இல்லை, சரி, அது ஒரு விஷயம், அழ வேண்டியதை அழுதாகிவிட்டது. ஆனால் குறை இல்லை என்று ஒரு வார்த்தை. போனில், தடுப்பூசித் தேதி கேட்ட கையோடு, ஒரு நாய்க்குட்டிக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற வார்த்தை. உளுந்தைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தேன், கண்ணில் பூளை, மூக்கு ஈரம். நான் ஒருத்தி, எனக்குச் செய்ததையெல்லாம் அப்படியே இதற்குச் செய்துகொண்டிருந்தேன், அதே வரிசையில், அதே பிரியத்தோடு, இன்னும் ஒரே ஒரு சங்கு, அதற்குள் போன் அடித்தது. எழுந்து நின்றதும் ஒரு மாதிரி பலமாக இருந்தது, காய்ச்சல் விட்ட மறுநாள் எழுந்து நடக்கிறோமே, அந்தப் பலம். அரிசியைக் கழுவிக் குழைய வேகவைத்தேன். முட்டை அவித்தேன். பினாயில் வாளியைக் கொண்டுபோய் வெளியே கொட்டினேன். உளுந்து தின்றது, தின்று முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் வாசல் வேப்பமரத்தடியில் விட்டேன், முகர்ந்து பார்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மண்ணில் உட்கார்ந்தது. ஜெசிந்தா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, சூடு இறங்கிடுச்சாக்கா என்று கேட்டாள். சூடெல்லாம் ஒண்ணும் இல்லை, கீழ வா, சொல்றேன் என்றேன்.

மெஷினில் உட்கார்ந்து முதல் சேலையை விரித்தபோது இவர் கூப்பிட்டார், பின்னால் இரும்பு அறுக்கிற சத்தம். எடுத்ததுமே இன்னும் போயிட்டேதான் இருக்குதா என்று கேட்டார். போகுது, போகும் என்றேன். ஞாயித்துக்கிழமை என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன், கறி எலும்பில்லாமல் வேண்டும் என்று சொன்னேன், திராட்சையையும் மறைக்கவில்லை, அதைக் கேட்டு அவர் ஐயோ என்றது சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. அப்புறம் சொன்னேன், குரலை உயர்த்தவில்லை, தைக்கும்போது நூல் அறுந்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

"அதுக்கு ஒரு குறையும் இல்லீங்க. அது எங்கியும் போகாது. எனக்கும் ஒரு குறையும் இருந்ததில்லீங்க."

சேலையில் கிடந்த ஊசியை எடுத்துக் குஷனில் குத்தினேன். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் வரேன் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வசந்தா, கறி எத்தனை பேருக்கு வாங்கட்டும்?"

"மூணு பேருக்குங்க" என்றேன்.